பட்டப்பகலில் வந்த ஆவிகள்: வாசகர் கேள்வி – பதில்

ஆவிகளைக் கண்டதாகச் சொன்ன படித்தவர்கள் யாரேனும் உண்டா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1901-ஆம் ஆண்டு பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் இரண்டு ஆங்கிலப் பெண்மணிகளுக்கு நேர்ந்ததை அவருக்கான பதிலில் இரண்டே வரிகளில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஊறுகாயை மட்டும் இலையில் வைத்துவிட்டுச் சோறு போடாமல் போனது போல் இருக்கிறது. அன்று என்னதான் நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். அந்த நாள் 1901 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்காக நிறுவப்பட்ட புனித ஹியூ கல்லூரியின் முதல்வர் சார்லட் ஆன் மோபர்லிக்கு அப்போது வயது 54. வாட்ஃபோர்டில் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்திவந்த எலினர் ஜூர்டெய்னுக்கு 37. ஜூர்டெய்னைத் துணை முதல்வராக அழைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்ததால், ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகப் பாரிஸில் ஜூர்டெய்ன் வைத்திருந்த குடியிருப்பில் இருவரும் சில வாரங்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அதாவது அவர்கள் நெடுநாள் தோழிகள் அல்லர். ஒருவர் முன் ஒருவர் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்த புதிய அறிமுகங்கள். இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெரிய அரண்மனையைப் பார்த்து முடித்தபின், வளாகத்தின் ஓரத்தில் உள்ள பெத்தி திரியானோன் என்ற சிறு மாளிகையைப் பார்க்கக் கிளம்பினார்கள். பதினைந்தாம் லூயி காலத்தில், 1762-க்கும் 1768-க்கும் இடையில் கட்டப்பட்ட இதை, 1774-இல் பதினாறாம் லூயி தம் இளம் மனைவி மரீ அந்துவானெத்துக்குக் கொடுத்தார். வழிகாட்டிப் புத்தகம் கையில் இருந்தும் முக்கியச் சாலையைத் தவறவிட்டு ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டார்கள். அங்கே ஒரு கட்டடத்தின் சன்னலிலிருந்து ஒரு பெண் வெள்ளைத் துணியை உதறிக்கொண்டிருந்ததை மோபர்லி பார்த்தார். பிரெஞ்சு நன்றாகப் பேசும் ஜூர்டெய்ன் அவளிடம் ஏன் வழி கேட்கவில்லை என்று அவருக்கு வியப்பாக இருந்தது. மேலே போனதும் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் நீண்ட அங்கியும் முக்கோணத் தொப்பியும் அணிந்த இரண்டு ஆண்கள் எதிர்ப்பட, அவர்களிடம் ஜூர்டெய்ன் வழி கேட்டார். நேரே போகச் சொன்னார்கள். அந்த இடத்தில் ஒரு குடிசை வாசலில் ஒரு பெண்ணையும் ஒரு சிறுமியையும் ஜூர்டெய்ன் கண்டார். மோபர்லி குடிசையையே காணவில்லை.

அதன்பிறகு இருவர் மனத்திலும் காரணமில்லாத ஒரு பாரம் இறங்கியது. காற்று நின்றுபோனதாகவும், ஒளி நிழல் வேறுபாடு மறைந்து, மரங்கள் திரைச்சீலையில் நெய்த மரங்களைப் போலத் தட்டையாகிவிட்டதாகவும் மோபர்லி எழுதினார். வட்டமான ஒரு சிறு மண்டபத்தருகே போர்வையும் அகன்ற தொப்பியும் அணிந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். அம்மைத் தழும்பு விழுந்த அவன் முகத்தைக் கண்டு இருவரும் அஞ்சினார்கள். அப்போது பின்னாலிருந்து ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து, அந்தப் பக்கம் போகாதீர்கள், இந்தப் பக்கமாகப் போய் மாளிகையைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு மறைந்தான். அவன் காட்டிய வழியே சிறு பாலம் ஒன்றைக் கடந்து மாளிகையின் புல்வெளிக்கு வந்தார்கள். அங்கே வெளிர்நிற உடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த ஒரு மாது, தோளில் மெல்லிய துகிலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார். மோபர்லியை அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டடத்தின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்த ஓர் இளைஞன் இருவரையும் முன்வாசலுக்கு அழைத்துப்போனான். அங்கே ஒரு கல்யாணக் கூட்டம் மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. அவர்களோடு சேர்ந்துகொண்டதும் மனப்பாரம் நீங்கிற்று. விடுதிக்குப் போய்த் தேநீர் அருந்தினார்கள்.

அவ்வளவுதான். ஊளை இல்லை, நள்ளிரவு இல்லை, யாரும் சுவரை ஊடுருவிப் போகவும் இல்லை.

கேள்வி: இருவரும் பணத்துக்காகவோ புகழுக்காகவோ கட்டிவிட்ட கதையாக இது ஏன் இருக்கக்கூடாது? (வங்கி ஊழியர், மதுரை)

பதில்: இருக்கலாம் என்று முதலில் நானும் நினைத்ததுண்டு, ஆனால் சான்றுகள் அந்தப் பக்கம் சாயவில்லை. 1911-இல் ‘ஆன் அட்வெஞ்சர்’ என்ற சிறு நூலாக இதை வெளியிட்டபோது, எலிசபெத் மோரிசன், ஃபிரான்சிஸ் லமான்ட் என்ற புனைபெயர்களில் அவர்கள் ஒளிந்துகொண்டார்கள். நூல் பரபரப்பாக விற்றது என்றாலும், இருவரும் உயிரோடு இருந்தவரை அட்டையில் அவர்களுடைய உண்மைப் பெயர் வரவில்லை. ஜூர்டெய்ன் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப்பின், 1931-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் உண்மைப் பெயர்கள் வெளியாயின. பெண்களின் உயர்கல்வியே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட காலத்தில், ஒரு மகளிர் கல்லூரியின் முதல்வரும் துணை முதல்வரும் பேய் பார்த்தவர்கள் என்று பெயரெடுப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அதே சமயம், மோபர்லிக்கு இது ஒன்றுதான் அனுபவம் என்று சொல்லிவிட்டால் அது வாசகர்களிடம் உண்மையை மறைப்பதாகும். அவருடைய தந்தை ஜார்ஜ் மோபர்லி சாலிஸ்பரியின் பேராயர். அந்த நகரில் பேராயர் ஒருவர் இறக்கும்போது பெரிய வெண்பறவைகள் தோன்றும் என்று ஒரு வழக்கு உண்டு. 1885-இல் தந்தை இறந்தபோது அத்தகைய பறவைகளைத் தாம் கண்டதாக மோபர்லி சொல்லியிருக்கிறார். 1914-இல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், தலையில் பொன்முடியும் உடலில் பழைய பாணி அங்கியுமாக அசாதாரண உயரமுள்ள ஒரு மனிதர் நடந்துபோனதைக் கண்டு, புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, அவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்ற முடிவுக்கு வந்தார். கண்டது ஒன்று, அதற்குப் பெயர் சூட்ட நூலகத்துக்குப் போவது இரண்டு என்ற இந்த வரிசை அவருக்கு இயல்பாக வந்தது. பொய் சொல்கிறவர் இவ்வளவு உழைக்க மாட்டார்.

கேள்வி: நூலகர் என்ற முறையில் எனக்குப் பேயைவிட ஆவணத்தில்தான் அக்கறை. இவர்கள் கண்டதை எப்போது எழுதிவைத்தார்கள்? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: வந்த கடிதங்களில் இதுவே ஆணிவேரைத் தொட்ட கேள்வி. அம்மையாருக்கு என் வணக்கம்.

அன்று மாலை அவர்கள் எதுவும் எழுதவில்லை, பேசிக்கொள்ளவும் இல்லை. ஒரு வாரம் கழிந்தபின் கடிதம் ஒன்றை எழுத உட்கார்ந்த மோபர்லிக்கு அந்த மனப்பாரம் திரும்ப வந்தது. அந்த மாளிகையில் ஆவி உலவுவதாக நினைக்கிறீர்களா என்று அவர் கேட்க, ஆம் என்றார் ஜூர்டெய்ன். ஏழு நாள் மௌனத்துக்கு நான் காணும் காரணம் முன்பே சொன்னதுதான்: புதிதாக அறிமுகமான ஒருவர் முன், அதிலும் தமக்குக் கீழே வேலைக்கு வரப்போகிறவர் முன், எனக்கு ஏனோ பயமாக இருந்தது என்று சொல்ல எந்த முதல்வருக்குத்தான் மனம் வரும்? ஜூர்டெய்னுக்கும் அதே நெருக்கடிதான்.

பிறகு இருவரும் இங்கிலாந்து திரும்பினார்கள். நவம்பர் மாதம் மீண்டும் சந்தித்துப் பேசும்போதுதான், புல்வெளியில் வரைந்துகொண்டிருந்த மாதை ஜூர்டெய்ன் பார்க்கவே இல்லை என்பது தெரியவந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே எழுதுவது என்று முடிவு செய்தார்கள். தனித்தனியே எழுதியது சரி. ஆனால் எழுதுவதற்கு முன்பே பேசிவிட்டார்களே! சம்பவத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே மூன்று மாதங்கள், குறைந்தது இரண்டு உரையாடல்கள், ஆவி உலவும் இடம் என்ற ஒரு முடிவு ஆகிய மூன்றும் புகுந்துவிட்டன.

அதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. அந்த நவம்பரில் எழுதிய குறிப்புகள் சுருக்கமானவை. 1911 நூலின் முதற்பதிப்பில் வந்தவையோ அவற்றைவிட நீளமான, விவரம் செறிந்த வடிவங்கள். இந்த வடிவங்களை வரிக்கு வரி ஒப்பிட்டு 1988-இல் நூலாக்கிய மைக்கேல் கோல்மன், தொடக்கக் குறிப்புகளில் அமானுஷ்யம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவே என்றும், மயிர்க்கூச்செறியும் விவரங்கள் பின்னால் சேர்ந்தவை என்றும் காட்டினார். முதலில் வெறுமனே வழி சொன்ன ஆட்கள், ஆராய்ச்சி வளர வளர, அரசியின் காவலர்களாக உடையும் பதவியும் பெற்றார்கள்.

இதை மோசடி என்று சொல்ல நான் தயங்குவேன். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை, வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஆவிகளின் போர் பற்றிய கதைதான், ஆங்கிலேய மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, சில நாள், சில மாதம் என இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப எழுதச் செய்தார். கதையில் கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் நினைவில் மீன்பிடிக்கப் போனவர்களானார்கள். புரியாத இடங்கள் மறைந்து, புரியக்கூடிய காரணங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அந்த மாணவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. படித்ததை அப்படியே எழுதுகிறோம் என்றே நம்பினார்கள்.

கேள்வி: வரைந்துகொண்டிருந்த மாது அரசி மரீ அந்துவானெத்தான் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? தேதிக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: முதலில் தேதி. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 ஆகஸ்ட் 10 அன்றுதான், அரசர் குடும்பம் தங்கியிருந்த துய்லெரி அரண்மனையைப் பாரிஸ் மக்கள் தாக்கினார்கள். அரசர் குடும்பம் தப்பியோடிச் சட்டமன்றத்தில் அடைக்கலம் புகுந்தது. அதன்பின் சிறை. 1793 அக்டோபர் 16 அன்று அரசியின் தலை கில்லட்டினில் விழுந்தது. அந்த ஆகஸ்ட் நாளில் சட்டமன்றத்தின் நெருக்கடியான அறையில் அடைபட்டுக் கிடந்த அரசி தம் பழைய தோட்டத்தை ஏக்கத்தோடு நினைத்திருக்க வேண்டும் என்றும், அந்த நினைவுக்குள் தாங்கள் தவறி நுழைந்துவிட்டதாகவும் இருவரும் கருதினார்கள். நினைவுக்குள் வந்த காட்சியோ 1789 அக்டோபர் 5-க்கு உரியதாம். பாரிஸிலிருந்து பெண்கள் வெர்சாய் நோக்கித் திரண்டு வருகிறார்கள் என்ற செய்தியோடு ஆள் ஓடிவந்தபோது, அரசி திரியானோன் தோட்டத்துக் குகையருகே இருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஓடிவந்து எச்சரித்த மனிதனுக்கு இப்படி ஒரு வேடம் கிடைத்தது. அம்மைத் தழும்பு முகம், அரசியின் வட்டத்தைச் சேர்ந்த வோத்ரேய் பிரபுவுக்குப் போனது.

அழகான கற்பனை என்பதில் ஐயமில்லை. ஆனால் கவனியுங்கள்: 1901-இல் பார்த்த காட்சி, 1792-இல் ஒருவர் நினைத்ததாகக் கருதப்படும், 1789-இல் நடந்த ஒன்று. இத்தனை படிகள் ஏறித்தான் அந்த மாடிக்குப் போக முடிகிறது.

அரசியின் அடையாளமோ ஓவியத்திலிருந்து வந்தது. வெர்ட்முல்லர் என்ற சுவீடன் நாட்டு ஓவியர் தீட்டிய அரசியின் உருவத்தைப் பார்த்த மோபர்லி, இதுவே தாம் கண்ட முகம் என்றார். பின்னர் அரசியின் தையற்காரி மேடம் எலோஃபின் கணக்குப் புத்தகத்தைப் படித்து, 1789-ஆம் ஆண்டுப் பதிவுகளில் பச்சைப் பட்டு மேலாடையும் வெண்துகிலும் இருந்ததைக் கண்டு மகிழ்ந்தார்கள். இந்தத் தேடலில் அவர்கள் காட்டிய உழைப்பு ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். (ஜூர்டெய்ன் 1904-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் உண்மையாகவே முனைவர் பட்டம் பெற்றவர், அது வேறு ஆய்வுக்காக.) ஆனால் பொருந்தியவை எல்லாம் ஏட்டில் ஏறின, பொருந்தாதவற்றை எண்ணிக் கழித்ததாகத் தெரியவில்லை. கணக்கில் வரவு மட்டும் எழுதினால் எந்தக் கடையும் லாபத்தில்தான் நடக்கும்.

கேள்வி: திரும்பப் போய்ப் பார்த்தார்களா? (வாசகர், நெல்லை)

பதில்: போனார்கள். 1902 ஜனவரி 2 அன்று ஜூர்டெய்ன் தனியாகப் போனபோது, வண்டியில் சுள்ளி ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு கூலியாட்களைக் கண்டார்; ஒரு கணம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் காணாமற்போயிருந்தார்கள். எங்கிருந்தோ வாத்திய இசையும் கேட்டது. நினைவில் நின்ற சுமார் பன்னிரண்டு அடிகளை எழுதிவைத்தார். அவை 1780-களின் பாணி என்று பின்னர் கருத்துப் பெற்றார். 1904 ஜூலையில் இருவரும் சேர்ந்து போனபோது தோட்டமே வேறாக இருந்தது. மண்டபம் இல்லை, பாலம் இல்லை. அந்த மாது அமர்ந்திருந்த இடத்தில் பெரிய புதர் ஒன்று நின்றது. வழியெங்கும் சுற்றுலாப் பயணிகளின் கூச்சல். இளைஞன் அறைந்து சாத்திய கதவு நெடுங்காலமாகத் திறக்கப்படாதது என்றும் அறிந்தார்கள். இந்த 1904 பயணமே அவர்களை உறுதியான நம்பிக்கையாளர்களாக்கியது.

வழிதவறி ஒருமுறை நடந்த இடத்தை மூன்று ஆண்டுகளுக்குப்பின் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடிய அனுபவம் எனக்கு உண்டு, உங்களுக்கும் இருக்கும். ஆனால் அவர்களுக்குச் சாதகமான ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தை வடிவமைத்த ரிஷார் மீக்கின் பழைய வரைபடம் ஒன்று, 1903-இல் மோமொரான்சி என்ற ஊரில் ஒரு புகைபோக்கிக்குள் கிடைத்ததாம். இவர்கள் சொன்னது போன்ற பாலம் அதில் இருந்தது. ஆவியை நம்புகிறவர்கள் இன்றளவும் முதலில் எடுத்து நீட்டும் சான்று இதுதான்.

கேள்வி: சரி, ஆவி இல்லையென்றால் அவர்கள் பார்த்த ஆட்கள் யார்? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: லண்டனில் 1882-இல் தொடங்கப்பட்ட அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்திடம் இவர்கள் தொடக்கத்திலேயே தம் குறிப்புகளைக் காட்டினார்கள், ஆராயத்தக்க சான்று இல்லை என்று அது கைவிரித்தது. 1911-இல் நூல் வந்ததும் சங்கத்தின் ஏட்டில் அதை மதிப்பிட்டவர் எலினர் சிட்ஜ்விக். கேம்பிரிட்ஜின் நியூனம் மகளிர் கல்லூரியில் அவரும் முதல்வராக இருந்தவர்தான். ஆவிகளை அடியோடு மறுப்பவரும் அல்லர். அவருடைய முடிவு எளிமையானது: அன்று தோட்டத்தில் இருந்த உண்மையான மனிதர்களையும் உண்மையான கட்டடங்களையும் பார்த்துவிட்டு, பின்னர் நினைவில் அவற்றுக்குப் பழைய காலத்துச் சாயம் ஏற்றிவிட்டார்கள். காணாமற்போன மண்டபம், இன்றும் அங்கே நிற்கும் காதல் கோயிலாகவோ பெல்வெதேர் மண்டபமாகவோ இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

1965-இல் வேறொரு விளக்கம் வந்தது. கவிஞரும் ஆடம்பரப் பிரியருமான ரோபேர் தெ மோந்தெஸ்கியூவின் வாழ்க்கையை எழுதிய ஃபிலிப் ஜூலியன், அந்தப் பிரபு வெர்சாயில் வசித்த காலத்தில் நண்பர்களைப் பழைய காலத்து உடையில் கூட்டி விருந்துகளும் காட்சிகளும் நடத்தியதை நினைவூட்டினார். ஆங்கிலப் பெண்மணிகள் பார்த்தது அப்படி ஒரு வேடக் கூட்டத்தைத்தான் என்றால் முக்கோணத் தொப்பி, ஓடிவரும் ஆள், ஓவியம் தீட்டும் சீமாட்டி எல்லாமே ஒரே அடியில் தீர்ந்துவிடும். ஆனால் எனக்கு இதில் திருப்தியில்லை. 1901-க்கு முன்பே மோந்தெஸ்கியூ நெய்யி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அதைவிட முக்கியமாக, வேடமிட்ட கூட்டம் என்றால் இருவர் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். துணி உதறிய பெண்ணையும் வரைந்த மாதையும் ஒருவர் மட்டும் பார்க்க, குடிசையை மற்றவர் மட்டும் பார்த்தது ஏன்?

இதற்கு ஆவியும் வேண்டாம், பிரபுவும் வேண்டாம். வழிதவறிய பதற்றத்தில், எதையும் பேசிக்கொள்ளாமல் நடக்கும் இரண்டு பேரில் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டு போனால் இதுதான் நடக்கும். புல்வெளியில் உட்கார்ந்து படம் வரையும் மாது வெர்சாய் போன்ற இடத்தில் அதிசயமா என்ன?

நம்பிக்கையாளர் தரப்பிலும் ஒருமித்த கருத்து இல்லை என்பது இன்னும் சுவையானது. அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த கை லாம்பர்ட், தோட்டத்தின் அமைப்பை ஆராய்ந்து, அவர்கள் கண்டது 1789 அன்று, ஏறத்தாழ 1770 என்றார். அப்போது மாளிகை மரீ அந்துவானெத்தின் கைக்கே வந்திருக்கவில்லை! ஒரே சான்று இருபது ஆண்டு முன்னும் பின்னும் நகர்ந்து கொடுக்கிறதென்றால், அதை வைத்து நீதிமன்றத்தில் நீங்கள் வாதாடுவீர்களா என்று உங்களிடமே கேட்கிறேன்.

கேள்வி: காலம் என்பதே வளைந்து நெளிவது என்று அறிவியல் சொல்கிறதே, அவர்கள் கடந்த காலத்துக்குள் நழுவியிருக்கலாமே? (பொறியியல் மாணவர், சென்னை)

பதில்: காலம் பற்றிய கோட்பாட்டால் புகழ்பெற்ற வானூர்திப் பொறியாளர் ஜே. டபிள்யூ. டன் 1931-ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தது இந்த ஆசையில்தான். சார்பியல் கோட்பாட்டில் ஒருவருடைய காலம் மெதுவாக ஓடலாம். 112 ஆண்டுகள் பின்னோக்கி நடந்துபோய் வழி கேட்டுவிட்டுத் தேநீருக்குத் திரும்புவதற்கு அதில் இடமில்லை.

கேள்வி: ஆவி கண்டதாகச் சொன்ன பெண்களில் ஒருவர்கூட முறையாகக் குறிப்பெடுக்கவில்லையா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: ஒருவர் எடுத்தார், அதனால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் வசித்த ரோசினா டெஸ்பார்ட், 1882-இல் தம் பத்தொன்பதாம் வயதில், கறுப்புக் கம்பளி உடை உடுத்திக் கைக்குட்டையால் முகத்தை மறைத்த உயரமான ஒரு பெண்ணுருவத்தை வீட்டு மாடிப்படியில் முதன்முதலாகக் கண்டார். அதன்பின் பல ஆண்டுகள் அது தொடர்ந்தது. அவர் அலறவில்லை. தோழி ஒருத்திக்கு அவ்வப்போது எழுதிய கடிதங்களையே நாட்குறிப்பாக வைத்துக்கொண்டார். படிக்கட்டுக்குக் குறுக்கே மெல்லிய நூலைக் கட்டிப் பசையால் ஒட்டிவைத்து, உருவம் கடந்துபோனபின் நூல் அறுந்திருக்கிறதா என்று பார்த்தார்; அறவில்லை. அதனிடம் பேசிப் பார்த்தார். நிழற்படம் எடுக்க முயன்றார். வேலைக்காரர்களும் உறவினர்களும்கூட அதைக் கண்டதாகச் சொன்னார்கள். 1892-இல் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தின் ஏட்டில், செல்வி மார்ட்டன் என்ற மறைபெயரில் அறிக்கை வெளிவந்தது. பின்னாளில் அவர் மருத்துவரானார். அந்த உருவம் என்ன என்பது தீராத வழக்குதான்; ஆனால் வழக்கு நடத்தத் தேவையான ஏடுகளாவது இருக்கின்றன.

அந்தச் சங்கம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற கூட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1884-இன் இறுதியில் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்பவரைக் கப்பலேற்றி நம் சென்னைக்கு, அடையாற்றுக்கு அனுப்பியது இதே சங்கம்தான். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு மகாத்மாக்களிடமிருந்து அற்புதமாகக் கடிதங்கள் வருவதாகச் சொல்லப்பட்டதை ஆராய்ந்து, அவை ஏமாற்று என்று அவர் 1885-இல் அறிக்கை தந்தார். அந்த அறிக்கை பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அதை இங்கே தொடங்கினால் இந்த இதழ் போதாது.

கேள்வி: இறுதிவரை இருவரும் தம் கூற்றில் உறுதியாக இருந்தார்களா? அவர்கள் கதை எப்படி முடிந்தது? (குடும்பத் தலைவி, நாகர்கோவில்)

பதில்: உறுதியாகவே இருந்தார்கள். 1902-இல் துணை முதல்வராகச் சேர்ந்த ஜூர்டெய்ன், 1915-இல் மோபர்லி ஓய்வு பெற்றதும் முதல்வரானார். போர்க்காலத்தில் கல்லூரிக்குள் ஜெர்மானிய ஒற்றன் ஒளிந்திருப்பதாக அவர் நம்பினார் என்று பின்னாளில் எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1923-இல் வரலாற்று ஆசிரியை ஒருவரை அவர் வேலையைவிட்டு நீக்கியதும், மற்ற ஆசிரியைகள் கூட்டாகப் பதவி விலக, பல்கலைக்கழக வேந்தராக இருந்த கர்சன் பிரபு விசாரிக்கும் அளவுக்கு அந்தச் சண்டை முற்றியது. நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்து வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன்தான். விசாரணை ஜூர்டெய்னுக்குப் பாதகமாக முடிந்த வேளையில், 1924 ஏப்ரலில், மாரடைப்பால் அவர் இறந்தார். மோபர்லி 1937 வரை வாழ்ந்தார். அவர்களுடைய கடிதங்களும் குறிப்புகளும் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன.

நூலின் உரிமை, ஜூர்டெய்னிடம் பயின்றவரும் புகழ்பெற்ற கலை வரலாற்றாசிரியருமான ஜோன் எவன்ஸ் அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. தம் ஆசிரியைமீது பெரும் பற்றுள்ளவர் அவர். எனினும் மோந்தெஸ்கியூ பிரபுவின் வேட விருந்து என்ற விளக்கமே சரி என்று அவருக்குப் பட்டது. 1976-இல் ஒரு கட்டுரையில் அதை வெளிப்படையாகவே எழுதினார். ஆங்கிலத்தில் அந்த நூலை மறுபடி அச்சிடவும் அவர் அனுமதி தரவில்லை.